வேலூர்க் கோட்டை முர்தசா அலி: துரோகியா, கணக்குத் தெரிந்தவரா?

பாலாற்றங்கரை:

ஆற்காட்டில் பிறந்து ராணிப்பேட்டையில் வேலை பார்ப்பவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஆற்காடு டில்லி வாசலுக்குப் போயிருந்தேன். பையன் எட்டாம் வகுப்பு. மாடத்தில் ஏறி நின்று பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே, "மாமா, இங்க யாரோட யாரு சண்டை போட்டாங்க?" என்று கேட்டான். 1751இல் ஆங்கிலக் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவ் இந்த ஊர்க் கோட்டையைப் பிடித்தார், அப்புறம் ஐம்பது நாள் முற்றுகையில் உள்ளே இருந்தார் என்று சொன்னேன். "சரி, வெளியே நின்னது யாரு?" சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப், கொஞ்சம் பிரெஞ்சுக்காரர்கள், வேலூரிலிருந்து 2000 பேரோடு வந்த முர்தசா அலி. "நம்ம வேலூரா? அவரு ஏன் அந்தப் பக்கம் நின்னாரு?"

அவனுக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முர்தசா அலி வேலூரின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன்களில் ஒருவர். சந்தா சாகிபும் அதே வீட்டு மருமகன்தான். 1740 மே மாதம் தாமலச்செருவு கணவாயில் மராத்தியர் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். மகன் சப்தர் அலி பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டு சமாதானம் செய்தார். அதோடு, தன் சொந்த மைத்துனர் சந்தா சாகிபைத் திருச்சியிலிருந்து கிளப்ப அதே மராத்தியரை ரகசியமாகத் தூண்டிவிட்டார். 1741இல் திருச்சி விழுந்தது. சந்தா சாகிப் கைதியாக மராத்திய நாட்டுக்குப் போனார்.

ஒப்புக்கொண்ட தொகைக்குப் பணம் வேண்டுமே! சப்தர் அலி கில்லேதார்கள் ஒவ்வொருவரிடமும் கை நீட்டினார். வேலூரில் செல்வம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். 1742 அக்டோபரில் சப்தர் அலி வேலூர்க் கோட்டைக்குள் கொல்லப்பட்டார். முர்தசா அலி தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டு ஆற்காட்டுக்குப் போனார். அங்கே பட்டாளம் பாக்கிச் சம்பளம் கேட்டு நெருக்கியது. தாக்குப்பிடிக்க முடியாமல் மூடுபல்லக்கில் வேலூருக்கே திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது வருஷம் அந்தக் கோட்டை அவர் கையிலேயே இருந்தது. நிஜாம், ஆற்காட்டு நவாப், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மராத்தியர், மைசூர் என்று ஆறு பெரிய கைகள் அந்த இருபது வருஷமும் அவரைச் சுற்றித் துழாவிக்கொண்டிருந்தன. எல்லாரும் அவரைத் துரோகி என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அணி மாறியது அவர் மட்டும்தானா? அன்றைக்கு அணி மாறாதவர் என்று ஒருவர் பெயரையாவது யாராவது சொல்லுங்கள்.

மேல்விஷாரத்தான்:

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறீர்கள். அணி மாறுவது ஒன்று. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொல்வது வேறு ஒன்று. சப்தர் அலி அங்கே போனது மைத்துனர் வீட்டுக்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற ஊரில், உப்பிட்டவரே உயிரை எடுத்தார் என்றால் அதற்கு அரசியல் கணக்கு என்று பெயர் வைக்காதீர்கள். கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அகழியைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் நினைப்பேன். ஒருவரை வெளியே வராமல் தடுக்கவும் அந்தத் தண்ணீர் போதும்.

1744ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சப்தர் அலியின் சின்ன மகன் நவாப் பட்டத்துக்குரியவன். ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் பட்டாணியச் சிப்பாய்கள் அவனைக் குத்திக் கொன்றார்கள். முர்தசா அலி அந்த வீட்டில் இருந்தார். உடனே வேலூருக்கு ஓடினார். அந்தச் சாவால் நவாப் பட்டம் கிடைத்தது அன்வருதீனுக்கு. ஆகவே சந்தேகம் இரண்டு பேர் மேலும் விழுந்தது, இன்றுவரை தீரவில்லை. குழந்தை போனது போனதுதான்.

ஆம்பூர்க் கணவாய்:

பாய் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அணி மாறாதவர் பெயர் கேட்டிருக்கிறார், அதற்கு வருகிறேன். எங்கள் ஊரில் 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி யானை மேலேயே செத்த அன்வருதீனையே எடுத்துக்கொள்வோம். யோக்கியமான கிழவர், நிஜாம் நியமித்தவர் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவர் செய்ததைப் பாருங்கள்.

1745இல் ஆங்கிலக் கப்பல்கள் பலமாக இருந்தன. பயந்துபோன புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துப்ளே நவாபிடம் போய் நின்றார். நவாப் சென்னைக்குச் சொல்லி அனுப்பினார்: என் சீமையில் புதுச்சேரியைத் தொடாதே. தொடவில்லை. அடுத்த வருஷம் காற்று மாறியது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். பிடித்து உங்களிடமே தருகிறோம் என்று நவாபுக்கு வாக்கு, ஆனால் தரவில்லை. மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் சின்னப் பிரெஞ்சுப் படையிடம் அது சிதறிப்போனது. அப்புறம் கடலூரில் ஆங்கிலேயருக்கு உதவி. 1747 தொடக்கத்தில் துப்ளேயோடு சமாதானம். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது மறுபடி ஆங்கிலேயர் பக்கம்.

மூன்று வருஷத்தில் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவரை யாரும் துரோகி என்று எழுதவில்லை. சமநிலை காத்தார் என்று எழுதுகிறார்கள். பெரிய கோட்டைக்காரன் செய்தால் ராஜதந்திரம், சின்னக் கோட்டைக்காரன் செய்தால் நம்பிக்கைத் துரோகம். இந்த அளவுகோல் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் ஊர்ச் சண்டைக்குக் காரணம் ஆம்பூரில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1748இல் ஐதராபாத்தில் கிழ நிஜாம் செத்தார். மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் போட்டி. அதே வருஷம் சந்தா சாகிப் விடுதலையானார். ஐரோப்பாவில் சண்டை நின்றுபோய் இங்கே பிரெஞ்சுப் பட்டாளம் வேலையில்லாமல் இருந்தது. பட்டம் தேடும் இருவரும் கூலி தேடும் ஒரு பட்டாளமும் கணவாய்க்குள் சந்தித்தார்கள். சுமார் 400 ஐரோப்பியர் வந்திருந்தார்கள். முதல் இரண்டு தாக்குதலில் பின்வாங்கி, மூன்றாவதில் அரண் உடைந்தது.

பாலாற்றங்கரை:

பாய், 1742க்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். தனியாக வைத்துவிடுகிறேன். என் கேள்வி அதற்குப் பிந்தைய இருபது வருஷத்தைப் பற்றியது.

என் எண்ணத்தைத் திறந்து சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து அணிமாற்றங்களுக்கு அடியில் தோண்டினால் கிடைப்பது பாக்கிச் சம்பளம். முர்தசா அலி ஆற்காட்டில் நிற்க முடியாமல் போனது அதனால். 1744இல் கல்யாண வீட்டில் கத்தி எடுத்த பட்டாணியரும் பாக்கி கேட்டு நின்றவர்களே. 1749இல் ஆம்பூரில் ஜெயித்த சந்தா சாகிப் நேரே திருச்சிக்குப் போயிருந்தால் அன்வருதீன் மகன் முகமது அலியின் கதை அன்றே முடிந்திருக்கும். போகவில்லை. படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தஞ்சாவூரை மிரட்டிப் பணம் கறக்கப் போனார். தஞ்சை பிரதாப சிங் பேச்சுவார்த்தை என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையோடு வந்துவிட்டார்.

மராத்தியத் தளபதி முராரி ராவ் கதை இன்னும் தெளிவு. முகமது அலிக்கு உதவ மைசூர் காசில் வந்த 6000 மராத்தியக் குதிரை, ஆற்காடு முற்றுகையின்போது மேற்கு மலையடியில், சுமார் முப்பது மைல் தூரத்தில், சும்மா முகாம் போட்டிருந்தது. காசு பாக்கி. அதோடு யார் ஜெயிப்பார் என்று பார்க்க வேண்டாமா? உள்ளே இருந்தவர்கள் விடவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆள் அனுப்பச் சம்மதித்தார்கள்.

அப்போது முர்தசா அலி என்ன செய்தார் தெரியுமா? ராஜா சாகிபோடு மனஸ்தாபம் என்று காட்டிக்கொண்டு ஊரில் தனி இடத்தில் தங்கினார். கிளைவுக்கு ஆள் விட்டார்: வெளியே வாருங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கிளைவ் நம்பவில்லை. ஆனால் நம்புவதுபோலப் பேசிப் பல நாள் இழுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டு நின்ற அந்த நாட்கள் எனக்கு முற்றுகையைவிடப் பெரிதாகப் படுகின்றன. 2000 பேர் அத்தனை நாளும் முழு மனதோடு சண்டை போடவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்!

ஆரணிப் பட்டு:

சம்பளம் என்று சொன்னதால் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. முற்றுகை முடிந்து சில நாளில் ஆரணிப் பக்கம் சண்டை. மராத்தியக் குதிரைகள் கிளைவோடு போக மனமில்லாமல் ஊர் ஊராகக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தன. புதுச்சேரியிலிருந்து ராஜா சாகிபுக்குப் பணம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் உடனே கிளைவோடு புறப்பட்டுவிட்டார்கள். சண்டை முடிவில் ராஜா சாகிபின் பணப்பெட்டி அவர்கள் கையில், அதில் 1,00,000 ரூபாய். தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் 600 பேர் துப்பாக்கியோடு கிளைவிடம் வந்து வேலைக்குச் சேர்ந்தார்கள். காலையில் சுட்டவர்களிடமே சாயங்காலம் சம்பளம்.

அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் நம்ம பக்கத்து ஆட்களோ! அவர்களை யாரும் துரோகி என்று எழுதுவதில்லை.

சத்துவாச்சாரி ஆசிரியர்:

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலில், சம்பளத்தை மட்டும் சொன்னால் பாதிதான். மீதி, ஒரே பொருளை இரண்டு பேருக்கு வாக்களித்தது. முகமது அலி 1751இல் திருச்சிக்குள் அடைபட்டு மூச்சு முட்டிக்கொண்டிருந்தார். மைசூர் அமைச்சர் நஞ்சராஜாவிடம் உதவி கேட்டார். காசில்லாதவன் எதைக் கொடுப்பான்? திருச்சிராப்பள்ளியையே தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தார். எந்த ஊரைக் காப்பாற்றச் சண்டையோ அந்த ஊரையே விலையாக வைத்தார். ஆங்கிலேயருக்கு அது அப்போது தெரியாது. மைசூரும் முராரி ராவும் தஞ்சாவூரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் சேர்ந்தார்கள். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்து தலையை இழந்தார்.

வெற்றி வந்த அன்றே கூட்டணி உடைந்தது. நஞ்சராஜா ஊரைக் கேட்டார், முகமது அலி நாளைக் கடத்தினார். தனக்குத்தான் தருவார்கள் என்று முராரி ராவும் கணக்குப் போட்டிருந்தார். சில மாதத்துக்குள் மைசூரும் முராரி ராவும் துப்ளே பக்கம். அதே திருச்சியை, இம்முறை வெளியே நின்று, இரண்டு வருஷம் முற்றுகையிட்டார்கள். இதில் வாக்குத் தவறியவர் யார்? மைசூரா, முகமது அலியா? பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். ஒரு பாடவேளை போதாது.

இரண்டாவது, முர்தசா அலியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எதிரிகள் எழுதியது. பெண் வேடத்தில் பல்லக்கில் ஓடினார் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். பாலாற்றங்கரை அந்த வேடத்தைச் சொல்லாமல் விட்டது சரி. துப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவரைப்போல உள்ளிருந்து எழுத வேலூருக்கு ஆள் இல்லாமல் போனது. இருந்திருந்தால் நாம் வேறு வார்த்தையில் பேசிக்கொண்டிருப்போம்.

1753இல் துப்ளே இதே முர்தசா அலியை ஆற்காட்டு நவாபாக அறிவித்தார். ராஜா சாகிபால் இனி ஆகாது, வேலூர்க்காரரிடம் பணம் இருக்கிறது என்ற எண்ணம். பணம் கொடுப்பவர் தேவைப்பட்டது துப்ளேக்கு என்பதைக் கவனியுங்கள்.

காவேரிப்பாக்கம் ஏரி:

ஐயா, பணம், வாக்கு இரண்டும் சரி. கப்பலை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எங்கள் ஏரிக்கரையில் நின்றால் தெரியும். 1752 பிப்ரவரியில் நிலா வெளிச்சத்தில் நடந்த சண்டை. சாலையோர மாந்தோப்பில் பிரெஞ்சு பீரங்கிகள் ஒளிந்திருந்தன. முன்னால் பள்ளம். கிளைவின் ஆட்கள் நேராக வந்து மாட்டிக்கொண்டார்கள். தோப்பின் பின்பக்கம் காவல் இல்லை என்று தெரிந்ததும் சுற்றிப்போய் அடித்தார்கள், அவ்வளவுதான். காவல் போட ஆள் இருந்திருந்தால்?

தோற்றாலும் அடுத்த கப்பலில் ஆள் இறங்கும் என்ற தைரியம் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கு மட்டுமே இருந்தது. முர்தசா அலிக்கு எந்தக் கப்பல் வரும்? வேலூரில் தோற்றால் அதோடு முடிந்தது. அதனால்தான் எந்தச் சண்டையிலும் முழுசாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

வாலாஜா வாசகன்:

எங்கள் ஊர்ப்பெயர் முகமது அலியின் வாலாஜா பட்டத்திலிருந்து வந்தது. அதனால் அவர் பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும்.

1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. முகமது அலி கர்நாடகத்தின் முறையான நவாப், சலாபத் ஜங் தக்காணத்தின், அதாவது ஐதராபாத் சீமையின், முறையான சுபேதார் என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனிகள் ஆற்காட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டவை. இப்போது ஆற்காட்டு நவாப் யார் என்று பாரிஸில் எழுதுகிறார்கள். சலாபத் ஜங்கை அவர் தம்பி முந்தின வருஷமே பட்டத்திலிருந்து இறக்கிச் சிறையில் வைத்திருந்தார். அது தெரியாமலே கையெழுத்துப் போட்டார்கள்.

முகமது அலி ஜெயித்தார். அதே 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுக்க வேண்டியிருந்தது. சேப்பாக்கத்தில் அரண்மனை, தலைக்கு மேல் கடன். அணி மாறாமல் கடைசிவரை ஒரே பக்கம் நின்றவர் அவர்தான். கேட்ட பெயர் இதோ. 1801இல் நாட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டபோது, அவரும் மகனும் திப்புவோடு ரகசியக் கடிதம் வைத்திருந்தார்கள் என்றுதான் காரணம் காட்டினார்கள்.

இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆம்பூர்க் கணவாய்:

வாலாஜா நண்பரே, நன்றாகச் சொன்னீர்கள். சலாபத் ஜங்கை இறக்கிய அந்தத் தம்பி நிஜாம் அலியையும் பாருங்கள். 1766 நவம்பரில் ஆங்கிலேயரோடு மைசூர் ஹைதர் அலிக்கு எதிராக ஒப்பந்தம். 1767இல் ஹைதரோடு சேர்ந்து ஆங்கிலேயர்மேல் படையெடுப்பு. செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் அடி. 1768 தொடக்கத்தில் மறுபடி ஆங்கிலேயர். நடுவில் ஹைதர் எங்கள் ஆம்பூர்க் கோட்டையைச் சுமார் ஒரு மாதம் வளைத்து நின்றார், விழவில்லை. இவ்வளவு புரண்ட நிஜாமின் வம்சம்தான் 1948வரை ஆண்டது. ஒரே பக்கம் நின்ற வாலாஜா வம்சம் 1801இல் நாட்டை இழந்தது.

சத்துவாச்சாரி ஆசிரியர்:

அதைச் சட்டமாக்கிவிடாதீர்கள் தம்பி. நிஜாமுக்கு ஐதராபாத் இருந்தது, கடற்கரையிலிருந்து தூரம். ஆற்காடு சென்னைக்கு ஒரு சில நாள் நடை. தூரமும் ஒரு காரணம்.

பாலாற்றங்கரை:

ஐயா சொன்ன தூரக் கணக்கை நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வேலூருக்கு அதுவும் இல்லை. ஆற்காட்டிலிருந்து ஒரு நாள் நடை. 1756இல் கப்பம் கேட்டு ஆங்கிலப் படை கோட்டைக்கு எதிரே வந்து நின்றபோது, புதுச்சேரியிலிருந்து எதிர்ப்பு வர வைத்து, பேசியே திருப்பி அனுப்பினார் முர்தசா அலி. பிரெஞ்சுக்காரர் வேலூரை விரும்பியதால் இல்லை. வேலூர் ஆங்கிலேயர் கைக்குப் போகக் கூடாது என்பதால். இரண்டு பேர் இருந்தவரை அவருக்கு மூச்சு விட இடம் இருந்தது.

1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதன்பின் எதிர்க்கேள்வி கேட்க யாரும் இல்லை. கொஞ்ச காலத்தில் முகமது அலியும் ஆங்கிலேயரும் சேர்ந்து வேலூரை முற்றுகையிட்டு எடுத்துக்கொண்டார்கள். இருபது வருஷம் ஆறு பேரிடம் தப்பிய கோட்டை, ஒருவரே மிஞ்சியதும் போய்விட்டது. பாக்கிச் சம்பளம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நான் முதலில் எழுதினேன். அதில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாய், ஒரு விஷயம். அக்கா மகனிடம் 1742ஐச் சொல்லவில்லை. பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பையனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேல்விஷாரத்தான்:

சொல்லுங்கள் தம்பி. சப்தர் அலி தன் குடும்பத்தைச் சென்னைக் கோட்டையிலும், சந்தா சாகிப் தன் குடும்பத்தைப் புதுச்சேரியிலும் வைத்திருந்தார்கள். சொந்தக்காரன் வீட்டைவிட வெள்ளைக்காரன் கோட்டை பத்திரம் என்று 1740லேயே நினைத்துவிட்டார்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் பையனுக்குப் புரியும். அடுத்த ஞாயிறு வேலூர்க் கோட்டைக்குக் கூட்டி வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு அகழிப் பாலத்தில் நிற்கிறேன்.